நுவரெலியா-மஸ்கெலியா: ஆளை எண்ணிய எல்லையும் வாக்கை எண்ணிய சட்டமும்

இலங்கையில் தேர்தல் முடிவுகள் தொகுதி தொகுதியாக வெளிவரும் இரவில் நுவரெலியா-மஸ்கெலியா என்ற பெயர் தனித்துத் தெரியும். நாட்டின் 160 தேர்தல் தொகுதிகளில் சராசரியாக ஒரு லட்சத்தை ஒட்டிய வாக்காளர்கள்தான் இருக்கிறார்கள். இந்த ஒரு தொகுதியில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். வேறு எந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பும் இதன் அளவுக்கு வராது.

இதை ஏன் யாரும் மூன்றாகப் பிரிக்கவில்லை? மலையகத் தமிழர் பாதிக்கு மேல் வாழும் மாவட்டத்தில் அவர்களின் பிரதிநிதித்துவம் ஏன் தேர்தலுக்குத் தேர்தல் ஏறி இறங்குகிறது? மாகாண சபைத் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் எல்லை நிர்ணயம் ஏன் குறுக்கே வந்து நிற்கிறது? மூன்றும் ஒரே இடத்தில் வேர் விட்ட கேள்விகள். ஒரு தொகுதியின் எல்லையைக் கீறும்போது யாரை எண்ணுகிறார்கள், அந்த எல்லைக்குள் வாக்களிக்க யாரை விடுகிறார்கள்? இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். மலையகத்தின் தேர்தல் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியின் வரலாறுதான்.

முதலில் சில சொற்கள்

1. தேர்தல் தொகுதி: 1977 வரை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த அலகு. இன்று வாக்குகளை எண்ணி அறிவிக்கும் பிரிவாக மட்டுமே இருக்கிறது. தொகுதிக்கென்று தனி உறுப்பினர் இப்போது இல்லை.

2. தேர்தல் மாவட்டம்: இன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் அலகு. மொத்தம் 22. நுவரெலியா தேர்தல் மாவட்டத்துக்குள் நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை என 4 தொகுதிகள் உள்ளன.

3. பல அங்கத்தவர் தொகுதி: ஒரே எல்லைக்குள் இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. சிதறியோ கலந்தோ வாழும் சிறுபான்மை ஒன்று, ஒரு ஆசனத்தையாவது பெறட்டும் என்பதற்கான ஏற்பாடு.

4. எல்லை நிர்ணய ஆணைக்குழு: எல்லைக் கோடுகளைக் கீறும் அமைப்பு. எந்த எண்ணை அடியாக வைத்துக் கீறுவது என்பதை அதற்குச் சொல்வது அரசியலமைப்பு.

நான்காவது சொல்லின் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை அதிலிருந்துதான் கிளம்புகிறது.

1931 முதல் 1947 வரை: தோட்டத்துக்கு வந்த வாக்கு

டொனமூர் அரசியலமைப்பு 1931ல் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தன. அந்தத் தடைகளைத் தாண்டியும் பலர் இடாப்பில் ஏறினார்கள். அரசாங்க சபைக்கு 1931ல் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் சென்றார், அமைச்சரும் ஆனார். 1936ல் ஹட்டனில் கோ. நடேசய்யரும் தலவாக்கலையில் எஸ்.பி. வைத்திலிங்கமும் தெரிவானார்கள்.

அடுத்து வந்தது சோல்பரி அரசியலமைப்பு. இதன் எல்லைக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்:

1. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஒரு ஆசனம். இங்கே எண்ணப்பட்டது மக்கள்தொகை. வாக்காளரா இல்லையா, குழந்தையா பெரியவரா என்ற பேதம் இல்லாமல் எல்லாத் தலைகளும் கணக்கில் வந்தன.

2. அதோடு ஒவ்வொரு 1,000 சதுர மைலுக்கும் ஒரு ஆசனம். ஆள் குறைவாகவும் நிலம் பரந்தும் உள்ள பகுதிகளுக்கான கூடுதல் இடம் இது.

3. இந்தக் கணக்கில் 89 தொகுதிகளும் 95 உறுப்பினர்களும் கிடைத்தார்கள். நான்கு தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள், கொழும்பு மத்திக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒன்று. தேர்தலில் இடம் கிடைக்காத தரப்பினருக்காக மேலும் 6 நியமன உறுப்பினர்கள்.

1946 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் (இன்று மலையகத் தமிழர் என்று அழைக்கப்படுபவர்கள்) ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களும் எண்ணப்பட்டதால் மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் அதற்கேற்ற ஆசனங்கள் வந்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம், பதுளையில் எஸ்.எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. ராமானுஜம். இவை தவிர வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தன. ஆட்சி அமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 95ல் 42 இடங்கள்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

1948, 1949: எல்லை இருந்தது, வாக்காளர் போனார்

மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன.

1. 1948ன் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம். பிரஜை என்று காட்ட, தகப்பன் இலங்கையில் பிறந்ததையோ, தகப்பன் வழியில் அதற்கு முந்திய தலைமுறையையோ நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயன்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து கிடைக்கும்?

2. 1949ன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். விண்ணப்பித்துப் பிரஜையாவதற்கு ஒரு வழி திறந்தது. ஆனால் வதிவிடம், வருமானம் எனப் பல நிபந்தனைகள். விண்ணப்பித்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல், கிடைத்தவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

3. 1949ன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்றது.

இவற்றை நீதிமன்றத்தில் எதிர்த்தவர்களுக்கு 1953ல் லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகத்திலும் சாதகமான தீர்ப்பு வரவில்லை. 1952ல் தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழ் காங்கிரஸிலிருந்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கும் இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு பெருங்காரணம்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த வரலாறு. அதிகம் பேசப்படாதது இனி வரும் பகுதி. வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் தொகுதி எல்லைகளைத் தொடவில்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற விதி அப்படியே இருந்தது. நாடற்றவர்களும் அந்த 75,000ல் தொடர்ந்து எண்ணப்பட்டார்கள். 1959ல் புதிதாக எல்லை நிர்ணயம் செய்து ஆசனங்களை 151ஆக உயர்த்தியபோதும் மக்கள்தொகைதான் அடி எண்.

இதன் விளைவு என்ன? எளிய எண்களில் ஒரு கற்பனைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம்.

1. தொகுதியின் மக்கள்தொகை 75,000. அதில் 50,000 பேர் தோட்டத்தில், 25,000 பேர் கிராமத்தில்.

2. பாதிப் பேர் வயது வந்தவர்கள் என்று வைத்தால், 1947ல் வாக்காளர் 37,500. தோட்டத்தில் 25,000, கிராமத்தில் 12,500.

3. 1949க்குப் பிறகு தோட்ட வாக்காளர்கள் நீங்கிவிட்டார்கள். மிஞ்சிய 12,500 பேர் 75,000 பேருக்கான உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

4. நாடற்றவர் இல்லாத இன்னொரு தொகுதியில் அதே ஒரு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 37,500 பேர் வேண்டும். ஆக இந்தத் தொகுதியில் ஒரு வாக்குக்கு மூன்று மடங்கு பாரம்.

வாக்கை இழந்தவர்களின் எண்ணிக்கை, வாக்கு உள்ள அயலவரின் பலமாக மாறியது. இதைத்தான் மலையகத்தின் மிகப் பெரிய அநியாயமாக நான் பார்க்கிறேன். வாக்கு இல்லாமல் ஆக்கியது ஒரு இழப்பு. அவர்களின் தலையை எண்ணி வாங்கிய ஆசனத்தை, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத ஒருவரிடம் கொடுத்தது அதற்கு மேல் இன்னொரு இழப்பு. லயனுக்குத் தண்ணீர் வேண்டும், பாடசாலை வேண்டும் என்று கேட்டால், செவிசாய்க்க அந்த உறுப்பினருக்கு எந்தத் தேர்தல் காரணமும் இருக்கவில்லை.

1952 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து ஒருவரும் நாடாளுமன்றம் போகவில்லை. பதிவு பெற்ற இந்திய, பாகிஸ்தானியப் பிரஜைகளுக்கென 4 உறுப்பினர்களுடன் தனித் தேர்தல் மாவட்டம் அமைக்க 1954ல் ஒரு ஏற்பாடு வந்தது. அது நடைமுறைக்கே வரவில்லை. 1960லும் 1965லும் தொண்டமான் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது நியமன உறுப்பினராகத்தான். அரசாங்கம் தரும் இடம் அது. வாக்காளர் தந்த இடத்தில் நின்று பேசுவதற்கு அது ஈடாகாது. 1972 குடியரசு அரசியலமைப்பு அந்த நியமன இடங்களையும் நீக்கியது.

1976: மூன்று உறுப்பினர் தொகுதி பிறந்தது

இதற்கிடையில் 1964 அக்டோபர் 30ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 லட்சத்து 75 ஆயிரம் நாடற்றவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு. மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரஜாவுரிமை மெல்ல மெல்ல வர, தோட்டங்களிலிருந்து பெயர்கள் மறுபடி இடாப்பில் ஏறின. ஆனால் எந்தவொரு தனித் தொகுதியிலும் வெல்லும் அளவுக்கு இல்லை.

1976 எல்லை நிர்ணயத்தில் நுவரெலியாவும் மஸ்கெலியாவும் ஒன்றாக்கப்பட்டு, மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரே தொகுதி உருவானது. சிறுபான்மைக்கு ஓர் இடத்துக்கு வழி திறப்பதே நோக்கம். அந்த முறை வேலை செய்த விதம் இதுதான். பல அங்கத்தவர் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஆசனங்களின் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகள். இங்கே மூன்று. மூன்றையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், ஒரே ஆளுக்கும் போடலாம். பெரும்பான்மை இல்லாத ஒரு சமூகம் தன் மூன்று வாக்குகளையும் ஒருவர் மேல் குவித்தால் அவர் மூன்றாவது இடத்துக்குள் வந்துவிடுவார்.

1977ல் அப்படியே நடந்தது. முதலிடம் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, இரண்டாமிடம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, மூன்றாமிடம் இலங்கை தொழிலாளர் காங்கிரஸின் தொண்டமான். 1947க்குப் பிறகு, 30 ஆண்டுகள் கழித்து, வாக்காளர் அனுப்பிய மலையகத் தமிழ் உறுப்பினர் ஒருவர்.

அதே தேர்தலில் நாடு முழுவதும் ஐக்கிய தேசியக் கட்சி 168ல் 140 இடங்களை அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியவை 8. அந்த 8ல் ஒன்று, இந்த மூன்று உறுப்பினர் தொகுதியில் இரண்டாமிடத்துக்குக் கிடைத்தது. ஆக மலையகத்துக்காகச் செய்த ஏற்பாடு நாட்டின் முக்கிய எதிர்க்கட்சி ஒன்றுக்கும் இடம் வைத்துக் கொடுத்தது. பல அங்கத்தவர் முறை ஒரு சமூகத்துக்கான சலுகை மட்டுமே என்று சொல்பவர்களுக்கு நான் இந்த முடிவைத்தான் காட்டுவேன்.

1978: அடி எண் மாறியது

அடுத்த ஆண்டே விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. தொகுதிகளுக்கு உறுப்பினர் இல்லாமல் போனார்கள், தேர்தல் மாவட்டங்கள் வந்தன. ஆனால் 160 தொகுதிகளும் வாக்கு எண்ணும் பிரிவுகளாகத் தொடர்ந்தன. முதல் கேள்விக்கான பதில் இதுதான். 1976ல் கீறிய கோடு அப்படியே நிற்கிறது, அதற்குள் இருந்த மூன்று ஆசனங்கள் மட்டும் போய்விட்டன. அதனால்தான் பட்டியலில் இந்தத் தொகுதி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஆசனங்களைப் பங்கிட இனி மக்கள்தொகை இல்லை, பதிவுசெய்த வாக்காளர் எண்ணிக்கைதான் அடி. பழைய முறையில் நாடற்றவரின் தலைகள் வேறு ஒருவருக்குப் பலமாயின. புதிய முறையில் அவர்கள் கணக்கிலேயே இல்லை. 1986, 1988, 2003 ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் நாடற்ற நிலையைப் படிப்படியாக முடித்துவைத்தன. அதன் பிறகுதான் எண்ணப்படுபவரும் வாக்களிப்பவரும் ஏறத்தாழ ஒரே ஆளாக ஆனார்கள்.

இப்போது நுவரெலியாவுக்கு 8 ஆசனங்கள் எப்படி வருகின்றன?

1. மாவட்டங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 196 பேர். தேசியப்பட்டியலின் 29 பேர் இதற்கு வெளியே.

2. 196ல் 36 இடங்கள் மாகாணங்களுக்கு, தலா 4. மத்திய மாகாணத்தின் 4ல் கண்டிக்கு 1, மாத்தளைக்கு 1, நுவரெலியாவுக்கு 2.

3. மீதி 160 வாக்காளர் எண்ணிக்கைப்படி. 2024ல் நாட்டின் வாக்காளர் சுமார் 1 கோடியே 71 லட்சம். 160ஆல் வகுத்தால் சுமார் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கு ஓர் ஆசனம்.

4. நுவரெலியாவின் வாக்காளர் 6 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறார்கள். வகுத்தால் ஐந்தும் கொஞ்சமும். மீதி பெரிதாக இருப்பதால் 6 கிடைக்கிறது. 6ம் 2ம் சேர்ந்து 8.

196 என்பது மாறாத எண். ஒரு மாவட்டம் கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். 2010ல் நுவரெலியாவுக்கு 7, யாழ்ப்பாணத்துக்கு 9. 2015ல் நுவரெலியாவுக்கு 8, யாழ்ப்பாணத்துக்கு 7. 2024ல் யாழ்ப்பாணம் 6க்கு இறங்கியது. வாக்காளர் பதிவுக் காலத்தில் கிராம சேவகர் தரும் படிவத்தை நிரப்பிக் கொடுக்காமல் விடும் ஒவ்வொரு வீடும் இந்தக் கணக்கைத் தொடுகிறது. வேலைக்காகக் கொழும்பில் தங்கியிருக்கும் தோட்டத்து இளைஞர் எந்த மாவட்டத்தில் பதிகிறார் என்பதும் அப்படித்தான்.

வாக்கு ஆசனமாவது எப்படி

மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளை முதலில் நீக்குவார்கள். இதுதான் வெட்டுப்புள்ளி. 1988 வரை இது 12.5 சதவீதமாக இருந்தது. முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி 7க்கும் பங்கீடு.

நீக்கியது போக மூன்று கட்சிகள் 1,60,000, 1,00,000, 60,000 வாக்குகள் பெற்றதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,20,000. ஏழால் வகுத்து மேல் எண்ணாக்கினால் 45,715. முதல் கட்சிக்கு 3, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1, ஆக 6. எஞ்சிய ஒன்று, மீதி வாக்கு அதிகம் உள்ள முதல் கட்சிக்கு. போனஸையும் சேர்த்தால் 5, 2, 1. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவின் பங்கீடும் 5, 2, 1தான். தேசிய மக்கள் சக்திக்கு 5, ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 1.

யார் அந்த ஆட்கள் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஒரு கட்சிக்கு வாக்களித்தவர் அதன் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பம் தெரிவிக்கலாம். 1977ன் மூன்று வாக்குகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்று மூன்றையும் ஒருவருக்கே குவிக்க முடிந்தது, கட்சி விட்டுக் கட்சியும் போடலாம். இன்று ஒருவருக்கு ஒன்றுதான், அதுவும் ஒரே பட்டியலுக்குள். இதனால் மலையகக் கட்சிகள் தேசியக் கட்சிகளின் பட்டியலில் சேர்ந்து நிற்கவும், குறைந்த வேட்பாளர்களை நிறுத்தி அவர்கள் மேல் விருப்பு வாக்குகளைக் குவிக்கவும் பழகிக்கொண்டன. 2020ல் தொழிலாளர் காங்கிரஸ் பொதுஜன பெரமுனவின் மொட்டுச் சின்னத்திலும் 2024ல் யானைச் சின்னத்திலும் நின்றது இந்தக் கணக்கால்தான். அதன் விலை, தோட்டங்களில் கட்சிகளுக்கு இடையே மட்டுமல்லாமல் ஒரே பட்டியலுக்குள்ளும் நடக்கும் போட்டி. பணமும் குடும்பப் பெயரும் உள்ளவருக்கு அது சாதகம். மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தெரிவாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் அவர்கள்.

இப்போது ஏன் மறுபடி எல்லைப் பேச்சு

உள்ளூராட்சியில் மாற்றம் ஏற்கனவே வந்துவிட்டது. அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் 2 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2018 தேர்தலுக்கு முன் இரண்டும் மும்மூன்றாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை ஆகியவை புதிய சபைகள். அதே தேர்தலில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்ற கலப்பு முறையும் வந்தது.

மாகாண சபைகளுக்கும் அப்படியொரு கலப்பு முறையை 2017ன் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்து, பாதி பட்டியலிலிருந்து. அதற்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை.

தொகுதி முறை திரும்பி வரும்போது மலையகம் கவனிக்க வேண்டியவை மூன்று. கோடு கீறும்போது எண்ணுவது மக்களையா வாக்காளரையா என்பது முதலாவது. அடுத்தது, ஒரே தோட்டத்தின் பிரிவுகள் இரண்டு தொகுதிகளுக்குப் பிரிந்து போகின்றனவா என்பது. ஆறும் மலைமுகடும் வரைபடத்தில் இயற்கையான எல்லையாகத் தெரியும். ஆனால் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் அவற்றைத் தாண்டி ஒரே தோட்டமாக இயங்குகின்றன. மூன்றாவது, தோட்டமும் கிராமமும் கலந்த இடங்களில் 1976 போல பல அங்கத்தவர் தொகுதிக்கு இடம் இருக்கிறதா என்பது. உள்ளூராட்சிச் சட்டத்தில் பல அங்கத்தவர் வட்டாரத்துக்கு இடம் உண்டு.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21ல். 2018ல் அதன் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து அந்த மாகாணத்தை ஆளுநர் நிர்வகிக்கிறார்.